சின்ன ஊர் யாருக்கு லாபம்?

கரிசல் மண்ணின் பேச்சையும் பிழைப்பையும் இலக்கியத்துக்குள் கொண்டுவந்த கி. ராஜநாராயணன் தம் வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளைப் புதுச்சேரியில் கழித்தார். 2021 மே மாதம் அங்கேயே காலமானார். உடல் சொந்த ஊரான இடைசெவலுக்கு வந்தது. பக்கத்து ஊரான கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் கட்டியது. இதில் அவர்மேல் குறை எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போனார், அந்த ஊர் பிடித்துப்போய் இருந்துவிட்டார். ஆனால் சின்ன ஊர் வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் புழங்கும் நல்ல வார்த்தைகளில் பெரும்பங்கு இப்படிக் கிளம்பிப் போனவர்கள் சொன்னவைதாம் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் இருபது வருடம் இருந்துவிட்டுத் தீபாவளிக்கு நான்கு நாள் வருகிறவருக்குச் சொந்த ஊர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நான்கு நாளில் அவருக்கு வாடகை இல்லை, வேலை தேடும் கவலை இல்லை, நெஞ்சுவலியும் வருவதில்லை.

சின்ன ஊரைத் திட்டுகிறவர்களும் பெரும்பாலும் வெளியூரில் இருந்துதான் திட்டுகிறார்கள். புறணி பேசும் ஊர், கிணற்றுத் தவளைகளின் ஊர் என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. இரண்டிலும் கணக்கு இல்லை. காற்று சுத்தம் என்கிறார்களே, அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. வம்பு பேசுவார்கள் என்கிறார்களே, அந்த வம்பு யாரை வெறுமனே சீண்டுகிறது, யாரைக் கொல்கிறது என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'சின்ன ஊர்' என்று பொதுப்படையாகப் பேசினால் இந்த வழக்கு முடியவே முடியாது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு வரவு செலவு பார்க்கலாம். கோவில்பட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்த நகராட்சியில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். தூத்துக்குடி மாவட்டம். திருநெல்வேலி 55 கிலோமீட்டர், தூத்துக்குடி 60, மதுரை 100. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் போட்டபோது பாதை இந்த வழியாகப் போனது. சுற்றிலும் கரிசலில் விளைந்த பருத்தி ரயிலேறியது. 1891இல் லாயல் மில் வந்தது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செண்பகவல்லி அம்மன் கோயில், ஒரு பொறியியல் கல்லூரி, மாவட்டத் தலைமை அந்தஸ்துள்ள அரசு மருத்துவமனை, செயற்கைப் புல்தரை போட்ட ஹாக்கி மைதானம் என்று ஒரு லட்சம் பேர் உள்ள ஊருக்கு இது கொஞ்சம் கூடுதலான சொத்துதான். அதனால்தான் இந்த ஊர். சின்ன ஊருக்கு ஆதரவான வாதம் இங்கே தேறாவிட்டால் பக்கத்தில் எட்டயபுரத்திலோ கயத்தாறிலோ தேறப்போவதில்லை.

முதல் வாதம் மலிவு. இதற்கு அரசாங்கமே ஒரு விலை போட்டு வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்தது. சென்னை போன்ற பெருநகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரை, கோவை, திருச்சி போன்ற அடுத்த தரத்துக்கு 20. மற்ற எல்லா ஊர்களுக்கும் 10. 2024 ஜனவரி முதல் இதுதான் கணக்கு. முப்பதாயிரம் அடிப்படைச் சம்பளம் வாங்கும் எழுத்தருக்குச் சென்னையில் ஒன்பதாயிரம், கோவில்பட்டியில் மூவாயிரம். ஆக, தங்கும் செலவு மூன்றில் ஒரு பங்கு என்பது அரசின் மதிப்பு. ஊரில் விசாரித்துப் பார்த்தாலும் இந்த விகிதம் பெரிதாகப் பொய்க்காது.

ஆனால் மலிவு வாடகையோடு நின்றுவிடுகிறது. பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ், மருந்துச் சீட்டில் எழுதும் மாத்திரை, பைக்குக்குக் கட்டும் தவணை, பிள்ளைக்கு நீட் பயிற்சி, இவற்றுக்கெல்லாம் கோவில்பட்டி விலை என்று தனியாக ஒன்று கிடையாது. காய்கறியும் பாலும் கொஞ்சம் குறையலாம். தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. தினமும் வருவதில்லை என்பதால் சிண்டெக்ஸ் தொட்டிக்கும் குடிதண்ணீர்க் கேனுக்கும் தனிச் செலவு. சொந்த வீடு இருக்கிறவருக்கு வாடகை மிச்சமும் கிடையாது. அப்படியென்றால் மலிவால் உண்மையில் ஆதாயம் அடைகிறவர் யார்? சம்பளம் வெளியே எங்கோ நிர்ணயமாகி, செலவு மட்டும் இங்கே நடக்கிறவர். வங்கி அதிகாரி, ரயில்வே ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர், ஓய்வூதியக்காரர், வீட்டிலிருந்தே பெங்களூருக்கு வேலை பார்க்கும் மென்பொருள் பையன். இவர்களுக்குச் சின்ன ஊர் நிஜமாகவே லாபம்.

மற்றவர்களுக்கு? பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும்போது வந்து நிற்கிறவள் இரவு ஒன்பது வரை நிற்கிறாள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. ஸ்டூல் வந்த கடைகளிலும் ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும், ஆளோ வந்துகொண்டே இருப்பார்கள். அவள் சம்பளம் சென்னை தி.நகரில் இதே வேலைக்குத் தருவதைவிடக் குறைவு. தனியார் பள்ளி ஆசிரியைக்கும் தனியார் மருத்துவமனை நர்ஸுக்கும் இதே கதைதான். நாம் 'இங்கே ஆள் கூலி கம்மி, எல்லாம் சல்லிசு' என்று மகிழ்கிறோமே, அந்தச் சல்லிசு வானத்திலிருந்து விழவில்லை, இவர்கள் சம்பளத்திலிருந்து வருகிறது. வெளியூர்ச் சம்பளக்காரர் அனுபவிக்கும் மலிவுக்கு உள்ளூர்ச் சம்பளக்காரர் பணம் கட்டுகிறார். சின்ன ஊரைப் புகழும் கட்டுரைகளில் இந்த ஒரு வரவை மட்டும் எழுதிவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பற்றை எழுதாமல் விடுவது வழக்கம்.

நேரம் என்ற வாதம் மலிவைவிட வலுவானது. இதில் சச்சரவுக்கு அதிகம் இடமில்லை. வீட்டிலிருந்து கடை, பள்ளி, வங்கி, கோயில், ரயில் நிலையம் எல்லாம் பைக்கில் பத்து நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அரைமணி கண்ணயரலாம். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய்வருகிறவருடைய வாரத்தில் ஒரு முழு வேலைநாளே பயணத்தில் போய்விடுகிறது. இந்த மிச்சம் ஏழை பணக்காரர் எல்லோருக்கும் கிடைக்கிறது, ஜவுளிக்கடைப் பெண் உட்பட. ஆனால் மிச்சமான நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் பெருமையாகச் சொல்வது மூன்றாவதை: 'இங்கே ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியும்.' இந்த வழக்கின் மையம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தெரிந்திருப்பதற்குக் காசு மதிப்பு உண்டு. பலசரக்குக் கடை அண்ணாச்சி மாதம் முழுக்கப் பற்று எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்கிறார். ஈடு கேட்பதில்லை, வட்டி கேட்பதில்லை. ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும், அப்பாவையும் தெரியும். பெரிய ஊரில் இதே வசதியைக் கடன் அட்டை தருகிறது, தவறினால் வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி போடுகிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பந்தல்காரருக்கும் சங்கு ஊதுகிறவருக்கும் யார் சொன்னார்கள் என்று தெரியாமலே ஆள் வந்து நிற்கும். பள்ளி விட்டுப் பிள்ளை வரத் தாமதமானால் தெருமுனை டீக்கடையில் விசாரித்தால் போதும், 'இப்பத்தான் சைக்கிள்ல போனான்' என்பார்கள். இந்தப் பாதுகாப்பை எந்த அடுக்குமாடிக் காவலாளியும் தர முடியாது. இதை அற்பமாக நினைக்கிறவர்கள் அது இல்லாத ஊரில் நோயாளியாகத் தனியே கிடந்து பார்க்க வேண்டும்.

இதே அறிமுகம் வாடகைக்கு வீடு தேடும்போது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளைஞர், மனைவி, ஒரு குழந்தை. வீடு காலியாக இருக்கிறது, முன்பணமும் பேசியாகிவிட்டது. வீட்டுக்காரர் காபி கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்.

"தம்பிக்கு எந்தூரு?"

"சங்கரன்கோவில் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயர் சொன்னதும், "அங்க எந்தத் தெரு?"

தெருப் பெயர் சொன்னால் தெரிந்துவிடும். 'காலனி' என்று சொன்னாலும் தெரிந்துவிடும். சொல்லத் தயங்கினால் அதைவிட நன்றாகத் தெரிந்துவிடும். மறுநாள் தரகர் போன் செய்து, வீட்டுக்காரர் மகன் அமெரிக்காவிலிருந்து வரப்போகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம் என்பார். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்காது, கோபமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள், காபிகூட வெள்ளி டம்ளரில்தான் வந்திருக்கும். முஸ்லிம் குடும்பத்துக்கு இவ்வளவு சுற்றும் தேவையில்லை. 'கவிச்சி ஆகாதுங்க' என்ற ஒரு வரியில் முடிந்துவிடும், சொல்கிறவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தாலும்.

சென்னையிலும் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள், மயிலாப்பூரில் சில தெருக்களில் விளம்பரத்திலேயே போடுகிறார்கள். வேறுபாடு தப்பிக்கும் வழியின் எண்ணிக்கையில் இருக்கிறது. அங்கே ஒருவர் மறுத்தால் ஆயிரம் வீடு பாக்கி. இங்கே நல்ல வாடகை வீடுகளே எண்ணிச் சொல்லக்கூடிய அளவு. சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு தரகர் சொன்னது அடுத்த தரகருக்கு அன்று மாலையே போய்விடும். அண்ணாச்சி பற்று எழுதுவதும் வீட்டுக்காரர் தெருவைக் கேட்பதும் ஒரே தகவல் கிடங்கிலிருந்துதான். 'இன்னார் மகன்' என்று தெரிவதால் ஒருவருக்குக் கடன் கிடைக்கிறது, இன்னொருவருக்கு வீடு கிடைக்காமல் போகிறது. ஆகவே 'எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்' என்பதை நன்மைப் பட்டியலில் ஒரு வரியாகவும் தீமைப் பட்டியலில் ஒரு வரியாகவும் எழுதிக் கழித்துக்கொள்ள முடியாது. நன்மை போய்ச் சேரும் வீடு வேறு, தீமை போய்ச் சேரும் வீடு வேறு.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1973 முதல் ஆரணியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்; பட்டும் அரிசி ஆலைகளும் நிறைந்த அந்த ஊரின் நாற்பதாண்டு மாற்றங்களைப் பற்றிய தொகுப்பு நூல் 2016இல் வந்தது. ஊரின் வணிகத்தைச் சட்டமும் அதிகாரிகளும் நடத்துவதைவிடச் சாதி, குடும்பம், வணிகர் சங்கங்கள் ஆகியவையே நடத்துகின்றன என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். யாருக்குக் கடன், யாருக்கு வேலை, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதெல்லாம் அந்த வலைக்குள் முடிவாகின்றன. வலைக்குள் இருக்கிறவருக்கு அது தாங்கும் வலை.

வலைக்குள் இருந்தும் மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்செங்கோடு இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் ஊரில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. அதன் முடிவில் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர், அங்கேயே அரசுக் கல்லூரி ஆசிரியர், பிறகு சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர் பேசி முடித்த 'அமைதி' அவருடைய வாயை அடைத்தது. நியாயம் முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. அதே 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மறுத்துத் திருமணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட கொலை பெருநகரத்தில் நடக்காது என்று சொல்ல வழியில்லை. 2024இல் சென்னைப் பள்ளிக்கரணையில் நடந்தது. ஆனால் சாதி மறுத்துக் காதலிக்கும் ஓர் இணைக்குச் சின்ன ஊரில் சேர்ந்து டீ குடிக்க ஓர் இடம் கிடையாது என்பதை மறுக்க முடியுமா? அவர்கள் டீக்கடையை விட்டு எழுந்திருப்பதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கடுமையாகச் சாடிய அம்பேத்கரும், கிராமத்திலேயே இந்தியாவைக் கண்ட காந்தியும் சின்ன நகரத்தை விட்டுவிட்டார்கள். அதனால் நாமும் அதைக் கிராமத்தின் நல்ல பாதியும் நகரத்தின் நல்ல பாதியும் சேர்ந்த இடம் என்று சௌகரியமாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நகராட்சி எல்லைக்குள் வராது. ஊராட்சிகளை நகராட்சியோடு இணைக்கும்போதெல்லாம் பெண்கள் மறியல் செய்வது இதனால்தான். பெருநகரத்துக்கு வரும் மெட்ரோவும் இங்கே வராது. இரண்டு பாதியிலும் கெட்டது எது என்றும் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

தனியாக வாழ நினைக்கும் பெண்ணின் கணக்கு வேறு. கணவனைப் பிரிந்தவளோ, திருமணமே வேண்டாம் என்றவளோ, வேலைக்காக வந்தவளோ, அவளுக்கு இந்த ஊரில் விடுதி கிடைக்கும், வீடு கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் இரவு எட்டு மணிக்கு மேல் யார் வந்தார்கள், எந்த பைக் நின்றது என்பதற்கு எதிர்வீட்டில் பதிவேடு இருக்கும். பிள்ளை சைக்கிளில் போனதைச் சொன்ன அதே டீக்கடைக் கண்கள்தான்.

வேலைக்கு வருவோம். 'ஓர் ஊர், ஒரு தொழில்' என்பது தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களின் பலம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன, நாமக்கல் முட்டையும் லாரியும் அனுப்புகிறது. அதே பலம் ஒரு நாளில் பலவீனமாகும். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக ஏறியதே பதினான்கு வருடம் கழித்து, 2021 டிசம்பரில். பின்னாலேயே பத்து ரூபாய் சீன லைட்டர் வந்து நின்றது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போடும் வரை ஊர் முழுக்க அதே பேச்சு. தொழில் பலவாக இருக்கும் ஊரில் ஒன்று விழுந்தால் இன்னொன்றுக்குத் தாவலாம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய அம்மாவுக்கும், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பாட்டிக்கும் தாவுவதற்கு அடுத்த கிளை எது? அவர்கள் பெண் பொறியியல் படித்திருப்பாள், உள்ளூரிலேயே. படிப்பு உள்ளூரில் கிடைத்தது; படிப்புக்கான வேலை சென்னையிலோ பெங்களூரிலோ.

தென்காசியைக் காட்டி இதை மறுப்பார்கள். அங்கே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் பத்தாண்டுக்கு மேலாகியும் எல்லோரும் அந்த ஒரே உதாரணத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதே போதுமான பதில். தவிர, ஒரே நிறுவனத்தை நம்பும் ஊருக்கும் ஒரே தொழிலை நம்பும் ஊருக்கும் ஆபத்து ஒன்றுதான். அந்த வேலை பிடிக்காதவர் காலையில் ராஜிநாமா எழுதிவிட்டு மாலையில் எதிர்க் கட்டடத்தில் சேர முடியாது.

மருத்துவம் பற்றித் தமிழ்நாட்டில் புலம்புவதற்கு முன் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும். 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், 2021 டிசம்பர் முதல் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, 2022இல் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் என்று வடமாநிலச் சின்ன ஊர்கள் கனவு காணும் ஏற்பாடுகள் இங்கே உள்ளன. பிரசவம், காய்ச்சல், சர்க்கரை, எலும்பு முறிவு இவற்றுக்குக் கோவில்பட்டியில் இருப்பதால் நஷ்டமில்லை. கூட்டம் குறைவு என்பதால் லாபம்கூட. சிக்கல் மணிக்கணக்கு பார்க்கும் நோய்களில். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இரவு ஒரு மணிக்கு வாய் கோணுகிறது. வீட்டார் சோடா கொடுத்து, எண்ணெய் தடவி, பக்கத்து வீட்டாரை எழுப்பி முடிவெடுக்க ஒரு மணி. சின்ன ஊர்கள் பலவற்றில் ஸ்கேன் எந்திரம் வந்துவிட்டது. அதைப் பார்த்து அந்த நேரத்தில் முடிவெடுக்கும் நரம்பியல் மருத்துவர் ஊரில் இருக்க மாட்டார். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். நாலுவழிச் சாலையில் திருநெல்வேலி ஒரு மணி நேரம் என்பதால் கோவில்பட்டிக்காரர் தப்பிக்க வாய்ப்புண்டு. சாலையும் ரயிலும் விலகிப் போன ஊரில் அந்த நாலரை மணி வீட்டிலும் வழியிலுமே கரைந்துவிடும்.

இங்கே ஒரு முரண். 'ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவேன்' என்பது நகரத்தில் இருக்கும் பாதிப் பேரின் திட்டம். மருத்துவர் அதிகம் தேவைப்படும் வயதில் மருத்துவர் குறைந்த ஊருக்குக் குடிபோவதைத் திட்டம் என்று எப்படிச் சொல்வது? வேலை தேடும் வயதில் இங்கே வேலை இல்லை, வைத்தியம் தேடும் வயதில் பெரிய வைத்தியம் இல்லை. வேலை கையில் இருந்து, உடம்பும் நன்றாக இருக்கும் இடைப்பட்ட வயதில் இந்த ஊர் சொர்க்கம். அந்த வயதுக்காரர்கள் பெரும்பாலும் சென்னையில் இருக்கிறார்கள்.

மிச்சமாகும் நேரத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சின்ன ஊரில் பொழுது போகாது என்கிறவர் கோவில்பட்டியின் வரலாற்றைப் பார்க்கவில்லை. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரும் அதன் சுற்று வட்டமும் கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று மூன்று சாகித்ய அகாதெமி விருதாளர்களைத் தந்திருக்கின்றன. நகைக்கடை நடத்திக்கொண்டே தேவதச்சன் நவீன கவிதையில் தனி இடம் பிடித்தார். கோணங்கி 'கல்குதிரை' சிற்றிதழை இங்கிருந்து கொண்டுவந்தார். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, தபால் ஊழியரும் ரயில்வே ஊழியரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடிப் பேச நடந்துபோகும் தூரமே போதும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். சென்னையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போய்வர ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவாகும். ஹாக்கியிலும் இதே கதை. இங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள்.

ஆகவே சின்ன ஊர் ஆழம் தராது என்பது பொய். அது தராதது தேர்வை. ஹாக்கி மட்டையைப் பிடித்த பையனுக்குக் கோவில்பட்டி தமிழ்நாட்டிலேயே சிறந்த ஊர்களில் ஒன்று. நீச்சலோ வயலினோ வேண்டும் என்கிற பெண் சென்னைக் குழந்தையைவிடப் பல படி கீழே தொடங்க வேண்டும். அந்தக் கூடிப்பேசும் சாயங்காலங்களில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் ஊரின் இலக்கியப் பெருமையிலும் ஒரு பெரிய ஓட்டை தெரியும். மேலே நான் சொன்ன பெயர்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அத்தனையும் ஆண்கள்.

இனி தீர்ப்பு. மலிவு, வெளியே நிர்ணயமான வருமானம் உள்ளவருக்கு மட்டும் மெய். உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு அது பாதிப் பொய். நேரமிச்சம் எல்லோருக்கும் மெய். அறிமுகம், பெரும்பான்மைச் சாதிகளில் பிறந்த குடும்பஸ்தருக்குச் சொத்து. தலித்துக்கும் தனிப்பெண்ணுக்கும் சாதி மறுத்துச் சேர்ந்த இணைக்கும் கடன். வேலையும் பெரு வைத்தியமும் இன்றைக்குக் குறை, ஆனால் அரசு மனம் வைத்தால் தீரும் குறை. ஊர்க் கண்கள் போடும் சிறையை எந்த அரசாணையும் திறக்காது. இவற்றை நிறுத்துப் பார்த்தால் கோவில்பட்டி போன்ற ஊரில் வாழ்வது நல்ல பேரம்தான், ஒரு நிபந்தனையோடு: வேண்டாம் என்று தோன்றும் நாளில் கிளம்பிப் போக உங்களால் முடிய வேண்டும். வேறு ஊரில் செல்லும் தொழில் கையில் இருக்கிறவரை வீட்டுக்காரரோ கடைக்காரரோ உறவினரோ ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடிவதில்லை. போக வழியற்றவருக்கு அதே ஊர் அதே தெருவில் வேறு ஊராகிவிடுகிறது. என் தீர்ப்பு இதுதான்: சின்ன ஊர், அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல ஊர், அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இல்லை.

இதிலிருந்து ஒன்று பின்தொடர்கிறது. சின்ன ஊர்களை உண்மையில் வாழத்தக்கவை ஆக்குவது அங்கே கட்டும் பூங்காவும் மணிக்கூண்டும் அல்ல, அங்கிருந்து எளிதாக வெளியேறவும் திரும்பவும் உதவும் போக்குவரத்து. 2021 மே முதல் பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம் என்று வந்த உத்தரவு, சுற்றுக் கிராமத்துப் பெண்ணுக்குக் கோவில்பட்டியைத் திறந்துவிட்டது. கோவில்பட்டிப் பெண்ணுக்குத் திருநெல்வேலியைத் திறக்க அடுத்த உத்தரவு இன்னும் வரவில்லை. மதுரை மாட்டுத்தாவணியில் ராத்திரி பதினோரு மணிக்கு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி 'கோவில்பட்டி' என்றால், 'பைபாஸ்ல போற வண்டி, ஊருக்குள்ள போகாது, இறங்குங்க' என்று சொல்லும் நடத்துனர்கள் இன்றும் உண்டு. ஊரைத் திருத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்த பஸ்ஸை ஊருக்குள் திருப்பட்டும்.